நகையை விடு, பிள்ளையை எடு

மணவிலக்குப் பேச்சில் பிள்ளைகள் எப்படிப் பேரப்பொருளாகிறார்கள்? சட்டம் சொல்வது என்ன, வக்கீல் அறைகளில் நடப்பது என்ன?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் வக்கீல் அலுவலகங்கள். கோர்ட் இல்லாத நாள்களில் அங்கே 'மியூச்சுவல்' எனப்படும் பரஸ்பர சம்மத மணவிலக்குப் பேச்சு நடக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் பெண் வீட்டார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். ஜூனியர் வக்கீல் கணினியில் மனுவைத் திருத்திக்கொண்டிருப்பார். நகை என்று பேச்சு எடுத்ததும் குரல்கள் உயரும். முப்பது பவுன் போட்டோம் என்பார்கள் இவர்கள். பத்துதான் வந்தது என்பார்கள் அவர்கள். ஒரு மணி நேரம் இப்படியே போன பிறகு யாராவது ஒருவர் சொல்வார்: "நகையை விட்டுத் தொலைம்மா. பிள்ளை உங்கிட்டயே இருக்கட்டும். கோர்ட்டு, கேஸுன்னு இன்னும் எத்தனை வருஷம் அலைவே?"

இதைச் சொல்பவர் எதிர்த்தரப்புக்காரர் இல்லை. பெரும்பாலும் பெண்ணின் தாய்மாமன், இல்லையென்றால் பெரியப்பா. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார். சற்று நேரத்தில் மனுவில் இரண்டு வரி சேர்ந்துவிடும். பிள்ளை தாயின் பொறுப்பில் இருக்கும். நகையோ, தனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சமோ இப்போதும் எதிர்காலத்திலும் கோரப்போவதில்லை என்று தாய் ஒப்புக்கொள்கிறாள்.

நகை அவள் சொத்து. வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. பிள்ளையின் பராமரிப்புத் தொகை அப்படி இல்லை. அது பிள்ளைக்குச் சேர வேண்டியது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தகப்பன் இருவர்மேலும் வைக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தாய் எழுதிக் கொடுத்தால் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அந்த வரி மனுக்களில் வந்துகொண்டே இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பெண், நான்கு வருஷம் கழித்து ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் திணறும்போதும், 'எழுதிக் கொடுத்துட்டேனே' என்று வாய்மூடி இருந்துவிடுகிறாள்.

மணவிலக்கில் நடக்கும் அநியாயங்களில் ஆகக் கொடியது எது என்று கேட்டால், பணக் கணக்கையும் பிள்ளையையும் ஒரே பேரத்தில் கலப்பதுதான் என்பேன். ஒரு பக்கம் நகைக்காகப் பிள்ளையைப் பிடித்து வைப்பது. இன்னொரு பக்கம் பிள்ளையைக் காட்டாமல் பணம் வாங்குவது. 1973இலேயே, சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் நம் குடும்பங்களின் பஞ்சாயத்துகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

மொய் நோட்டில் இல்லாத பவுன்

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர், பேர், தொகை என்று 201 ரூபாயைக்கூட மொய் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே மண்டபத்தில் மணமகள் கழுத்தில் ஏறும் முப்பது பவுனை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அபசகுனம், சம்பந்தி கோபித்துக்கொள்வார். இத்தனைக்கும் எழுதச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்கின்றன. அப்படிப் பட்டியல் போட்ட கல்யாணம் ஒன்றுக்காவது நீங்கள் போயிருக்கிறீர்களா?

பிரியும்போது இந்த ஒரு குறைதான் பெண்ணின் கழுத்தைப் பிடிக்கிறது. சட்டத்தில் அவள் நிலை பலமானது. திருமணத்துக்கு முன்பும், திருமணத்தின்போதும், பின்பும் அவளுக்கு வந்த நகை, பணம், பண்டம் எல்லாம் ஸ்த்ரீதனம். அது அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவனிடமோ மாமியாரிடமோ இருந்தால் அவர்கள் அதற்குக் காவலர்கள் மாத்திரமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் போட்டது முப்பது பவுன் என்று எப்படி நிரூபிப்பது?

கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. தாய்வீட்டில் போட்ட 89 பவுனை, பத்திரமாக வைப்பதாகச் சொல்லி முதலிரவன்றே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்பது மனைவியின் வாக்குமூலம். அந்த நகை பழைய கடனை அடைக்கப் போய்விட்டது என்றார். 2011இல் குடும்ப நீதிமன்றம் நகையின் மதிப்பாக 8.90 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் 2022இல் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் குடும்ப நீதிமன்றத்தின் பார்வையே சரி என்று சொல்லி, கடந்துபோன காலத்தையும் ஏறிய விலைவாசியையும் கணக்கில் எடுத்து 25 லட்சம் ரூபாய் வழங்கியது. கஷ்ட காலத்தில் கணவன் மனைவியின் நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது. இன்னொன்றையும் சொன்னது. இது கிரிமினல் வழக்கு இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது எது என்று எடை போட்டுப் பார்த்தால் போதும். எந்தப் பெண்ணும் கல்யாணத்தன்று கணவனிடம் ரசீது கேட்பதில்லை என்ற நடைமுறை உண்மையை அறிந்த தீர்ப்பு இது.

ஆகவே கல்யாண ஆல்பமும் வீடியோவும் நினைவுக்காக மட்டும் இல்லை. நகைக்கடை பில், வங்கி லாக்கரைத் திறந்த தேதிகள், நகைக்கடன் ரசீது எல்லாம் சாட்சிதான். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறிலக்க அடையாளம் இருக்க வேண்டும். வளையலின் உட்புறத்தில் பொடியாகத் தெரியும் அதைப் போனில் ஒரு படம் எடுத்துப் பிறந்த வீட்டில் யாருக்காவது அனுப்பி வைத்தால் போதும். மனைவியின் ஆரத்தைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருந்தால், அடகுச் சீட்டு அவர் பெயரைத்தான் சொல்லும். மீட்கப்போகும் நாளில் வரும் தகராறு முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

மளிகைச் சாமானுக்குப் பத்திரம் கிடையாது

வீடு விஷயத்தில் நம் சட்டம் பெண்ணைக் கைவிட்டிருக்கிறது. இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும்.

திருமண வாழ்வில் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு இந்தியாவில் கோவா போன்று போர்த்துக்கீசியர் ஆண்ட பகுதிகளில் மட்டும்தான், அவர்கள் விட்டுப்போன சிவில் சட்டத்தின் வழியாக இருக்கிறது. மற்ற இடங்களில் யார் பெயரில் பத்திரமோ அவருக்கே வீடு. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. பத்து வருஷம் குடித்தனம் நடத்திச் சேர்த்ததைப் பற்றி அது பேசுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். புறநகரில் ஒரு ஃபிளாட். கணவர் சம்பளத்திலிருந்து மாதம் 35,000 ரூபாய் வீட்டுக்கடன் தவணை போகிறது. மனைவி சம்பளத்தில் மளிகை, பால், கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், மாமனாரின் மருந்து. அதுவும் மாதம் 35,000 ஆகிவிடும். பத்து வருஷம் கழித்துப் பிரிகிறார்கள். அவர் கட்டிய 42 லட்சத்துக்கு வீடு என்ற உருவம் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் வரி வரியாகச் சான்று இருக்கிறது. அவள் கட்டிய 42 லட்சம் சாப்பிட்டுத் தீர்ந்துவிட்டது. அவள் மளிகையைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் தவணை கட்ட முடிந்தது என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எந்த ஏடும் சொல்லாது.

வேலைக்கே போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த தீர்ப்பு இதில் ஒரு கதவைத் திறந்தது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய தகராறு அது. வீட்டில் அவள் செய்த வேலைதான் அவரை வெளியே சம்பாதிக்க விட்டது. ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. மணவிலக்கு வழக்கு இல்லை அது. சட்டமும் மாறிவிடவில்லை. ஆனால் சமையலும் பிள்ளை வளர்ப்பும் கணக்கில் வர வேண்டிய உழைப்பு என்று ஒரு நீதிமன்றம் பத்திரச் சொத்தை முன்வைத்துச் சொன்னது சாதாரணக் காரியம் இல்லை. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலையின் தொடக்கம் அது.

அதுவரை நம் கையில் இருப்பது எச்சரிக்கை மட்டும்தான். வீட்டுக்கடன் இருவர் பெயரிலும் இருந்தால், மணவிலக்குத் தீர்ப்பில் 'கடனைக் கணவர் கட்டுவார்' என்று எழுதியிருந்தாலும் வங்கிக்கு அது பொருட்டில்லை. அவர் தவறினால் அவளைத்தான் கேட்கும், அவளுடைய சிபில் மதிப்பெண்தான் சரியும். வங்கியிடம் எழுத்துபூர்வமாகப் பெயரை விலக்கிக்கொள்ளாமல் இதில் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதாக ஒப்பந்தம் என்றால் அதைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. குடும்பத்தினருக்கிடையிலான செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் குடும்பத்தினர் இல்லை.

சொத்தில் பங்கு என்பது ஒன்று, தங்கும் உரிமை என்பது வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஜீவனாம்சம்: சூத்திரம் எதுவும் இல்லை

'சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு' என்று டீக்கடை பெஞ்சிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. 2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது அந்த வழக்குக்கான அளவு. இருவரின் வருமானம், வாழ்ந்த வாழ்க்கைத் தரம், பிள்ளைகளின் தேவை, வேலையை விட்டு வீட்டைப் பார்த்த தியாகம், வழக்குச் செலவு, கணவரின் மற்ற பொறுப்புகள் இவையெல்லாம் சேர்ந்துதான் தொகை முடிவாகும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படி எட்டு அம்சங்களை வரிசைப்படுத்தி, வசதியான ஒரு குடும்பத்தில் மனைவிக்கு 5 கோடியும் மகனுக்கு 1 கோடியும் தந்தது. 2025 மே மாதம் இன்னொரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் என்றது. இந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். இன்று முடிவாகும் 10,000 ரூபாய், பிள்ளை பிளஸ் டூ எழுதும்போது என்ன பெறும்? உயர்வு எழுதாத ஜீவனாம்ச உத்தரவு வருஷாவருஷம் தேய்ந்துகொண்டே போகும்.

கோடிகள் செய்தியாகின்றன. குடும்ப நீதிமன்ற வராந்தாவில் நிற்பவர்களில் பலர் ஐயாயிரம், எட்டாயிரத்துக்காக நிற்பவர்கள். கணவர் ஆட்டோ ஓட்டுவார், பெயின்ட் அடிப்பார், சென்ட்ரிங் வேலைக்குப் போவார். சம்பளச் சீட்டு கிடையாது. 'வருமானமே இல்லை' என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உடல் திடமாக உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது.

சம்பளச் சீட்டு இருப்பவர்களின் தந்திரம் வேறு. வழக்குப் போட்டதும் வேலையை விட்டதாகக் கடிதம் வரும். தம்பி பெயருக்கு நிலம் மாறும். இதற்கென்றே 2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்தது. 2013இல் கேட்ட இடைக்கால ஜீவனாம்சத்துக்காக ஏழு வருஷம் இழுத்த வழக்கு அது. இப்போது இருதரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் விரிவான பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. ஜீவனாம்சம் உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். இந்தப் பிரமாணப் பத்திரத்தை அலட்சியமாக நிரப்புகிறவர்கள் வழக்கில் பாதியை அங்கேயே தோற்கிறார்கள். மளிகைக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, பிள்ளையின் டியூஷனுக்கு எவ்வளவு என்று தேதி போட்டு எழுதிய ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வக்கீலின் அரைமணி வாதத்தைவிடப் பேசும்.

ஆண்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே குடும்பத் தகராறுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் ஒரு மனு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆக இருந்து 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆக மாறிய பிரிவில் ஒரு மனு, குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னொரு மனு என்று மூன்று கோர்ட்டுக்கு அலைபவர்கள் உண்டு. ஒன்றில் கொடுப்பதை மற்றொன்றில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. முன்பு வாங்கிய உத்தரவை மறைக்காமல் சொல்வது மனைவியின் கடமை. 24ஆவது பிரிவில், வருமானமில்லாத கணவரும் மனைவியிடம் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் மனைவி படித்திருக்கிறாள், சம்பாதிக்க முடியும் என்பது மட்டுமே அவளுக்கு ஜீவனாம்சம் மறுக்கக் காரணம் ஆகாது. சம்பாதிக்க முடிவதும் சம்பாதிப்பதும் ஒன்றல்ல.

முஸ்லிம் பெண்களுக்கும் அந்தப் பழைய 125ஆவது பிரிவில் உரிமை உண்டு என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. அது 2001இல் திருத்தப்பட்டது. மதம் எதுவானாலும் பிள்ளையின் சாப்பாட்டுக்கான வழி மூடப்படவில்லை.

மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? மொத்தத் தொகையை வருமான வரித்துறை பொதுவாக வருமானமாகப் பார்ப்பதில்லை. மாதத் தொகை வருமானமாகக் கணக்காகும். கணவர் சரியாகக் கொடுப்பாரா என்ற சந்தேகம் இருந்தால் மொத்தமாக வாங்குவதே மேல். ஆனால் பிள்ளையின் பங்கை அதில் கரைத்துவிடாமல், தனியே பிள்ளை பெயரில் வங்கி வைப்பாகப் போடச் சொல்ல வேண்டும். அண்ணன் வீடு கட்டக் கைமாற்றாகக் கேட்டு, அந்தப் பணம் திரும்பாமல் போன கதைகள் நம் ஊர்களில் ஏராளம்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம்

இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு இன்றும் தகப்பனை முதலிலும் அவருக்குப் 'பிறகு' தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போய், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று சொல்லப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1999இல் வந்த தீர்ப்பு, தகப்பன் உயிரோடு இருந்தாலும் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயே காப்பாளர் என்று அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்னது. இருந்தும் பள்ளி, வங்கி கவுன்டர்களில் 'அப்பாவைக் கூட்டிட்டு வாங்க' என்பது நின்றபாடில்லை. பாஸ்போர்ட் விதிகளில் 2016 டிசம்பரில் ஒரு பெற்றோர் பெயர் போதும் என்று மாற்றினார்கள். அந்த ஒரு மாற்றம் எத்தனை தாய்மார்களின் அலைச்சலைக் குறைத்தது!

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை வழக்கமாகத் தாயிடம். அதற்கு மேல் யாரிடம் என்பதில் சட்டம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: பிள்ளைக்கு எது நல்லது? யாருக்குச் சம்பளம் அதிகம் என்பதோ, யார் மீது தப்பு என்பதோ அந்தக் கேள்வி இல்லை. விவரம் தெரிந்த பிள்ளையானால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். அந்த அறைக்குப் போவதற்கு முதல் நாள் இரவு வீட்டில் பிள்ளைக்கு நடக்கும் 'டியூஷன்' எத்தனை கொடுமையானது என்பதைப் பெரியவர்கள் யோசிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் 'அப்பா உன்னை அடிப்பாருன்னு சொல்லு' என்று சொல்லிக் கொடுத்தால், அது சொல்லும். சொன்னதை ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

யாரிடம் பிள்ளை இல்லையோ அவருக்குச் சந்திப்பு உரிமை. குடும்ப நீதிமன்ற வளாகத்தில் அதற்கென்று அறை ஒதுக்குகிறார்கள். சுவரில் கார்ட்டூன் படங்கள், ஓரத்தில் உடைந்த பொம்மைகள், வாசலில் பதிவேடு. வந்த நேரம், போன நேரம், இருவர் கையெழுத்து. தகப்பன் ஹோட்டல் பார்சலைப் பிரித்து வைத்துக் காத்திருப்பார். பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும். முதல் அரைமணி தயக்கத்தில் போகும், அடுத்த அரைமணி போன் விளையாட்டில். பேச்சு சூடு பிடிக்கும்போது நேரம் முடிந்துவிடும். எதிர் பெஞ்சில் பிள்ளையின் பாட்டி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதைப் பெற்றோர்–பிள்ளை உறவு என்று சொல்ல முடியாது. சட்டத்துக்கு வேறு வழி தெரியாதபோது செய்கிற ஏற்பாடு இது. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பை, அதாவது இருவரும் சேர்ந்து வளர்ப்பதைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், உடன் இல்லாத பெற்றோர் வீடியோ காலில் பிள்ளையோடு தினமும் பேச வழிசெய்ய வேண்டும் என்றது. ஐ.டி. வேலைக்கு அமெரிக்கா போய் அங்கே பிரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். சர்வதேசக் குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. டல்லாஸ் கோர்ட் உத்தரவை மீறிப் பிள்ளையோடு திருச்சிக்கு வந்துவிட்டால், இங்கே உள்ள நீதிமன்றம் அந்த உத்தரவைப் பல அம்சங்களில் ஒன்றாகத்தான் பார்க்கும். பிள்ளையின் நலனை முதலிலிருந்து எடைபோடும். பிள்ளை எங்கே வளர்கிறது என்பதை வழக்கின் வேகம் முடிவுசெய்யும் அபாயம் இதில் இருக்கிறது.

பேரம் உச்சத்துக்குப் போவதும் இங்கேதான். "மூணு மாசமா பணம் வரல, இந்த வாரம் பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன்." "பிள்ளையைக் காட்டல, நான் எதுக்குப் பணம் கட்டணும்?" இரண்டுமே தப்பு. பணம் வரவில்லை என்றால் நிறைவேற்றல் மனுப் போட வேண்டும். பிள்ளையைக் காட்டவில்லை என்றால் அதற்கும் மனுப் போட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று தண்டனை ஆகாது. தாய்க்குப் பணம் வராத மாதத்திலும் பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும். பிள்ளையைப் பார்க்காத மாதத்திலும் அது பள்ளிக்குப் போகிறது.

பணம் வாங்கும் வழி சட்டத்தில் கடுமையாகவே இருக்கிறது. ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்தால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுக்கலாம். மாத ஜீவனாம்ச உத்தரவை மீறினால் வாரண்ட், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். 'பொங்கலுக்குக் கொடுக்கிறேன், ஆடி கழியட்டும்' என்ற பேச்சை நம்பிக் காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது கையெழுத்துக்கு முன்

பரஸ்பர சம்மத மனுவில் இரண்டு கட்டம் உண்டு. ஒரு வருஷம் பிரிந்திருந்த பிறகு முதல் மனு. குறைந்தது ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்து உறுதி சொல்ல வேண்டும். அதுவரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991லிருந்து நிலைத்த சட்டம். 2017இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. அதிலிருந்து எல்லோரும் தள்ளுபடி கேட்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பில் நிபந்தனையும் இருக்கிறது: ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு உள்ளிட்ட எல்லாமே உண்மையாகத் தீர்ந்திருக்க வேண்டும். பிள்ளை உள்ளவர்கள் அந்த ஆறு மாதத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தாய்மாமனின் குரல் காதில் ஒலிக்காத ஒரு மாலையில் மனுவின் நகலை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

பிள்ளையின் தொகை தாயின் தொகையிலிருந்து தனி வரியில் இருக்கிறதா? ஜூன் மாத ஃபீஸை யார் கட்டுவது, வருஷா வருஷம் எவ்வளவு உயரும், ஆஸ்பத்திரி வந்தால் யார் பொறுப்பு? தீபாவளி யார் வீட்டில், முழுப் பரீட்சை லீவு யார் வீட்டில், தாத்தா பாட்டி எப்போது பார்க்கலாம்? பள்ளிக் கூட்டத்துக்கு இருவரும் போகலாமா? மறுமணம் செய்துகொண்டால்? 'எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோரமாட்டோம்' என்ற வரியில் பிள்ளையின் பெயர் நுழைந்திருக்கிறதா? நுழைந்திருந்தால், இரண்டாவது கையெழுத்துக்கு முன் அதை எடுக்கச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. எண் 15100. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இருக்கிறது. அங்கே உட்காரும்போது முதலில் பிள்ளை விஷயத்தைப் பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள். நகையை அதற்கப்புறம் எடுங்கள்.